சுங்கை சிப்புட் நாற்றுக்கடை: பூதச்செடிகளில் எது தேறும்?

ரஃப்ளேசியா என்ற ராட்சதப் பூச்செடியின் கன்று இங்கே கிடைக்காது. இலையில்லை, தண்டில்லை, காட்டுக்கொடிக்குள் வாடகை தராத குடித்தனம் நடத்தி, பூவை மட்டும் வெளியே நீட்டும். சுமத்திரா இனத்தில் அந்தப் பூவே ஒரு மீட்டர் அகலம்! டைட்டன் ஆரம் என்ற ராட்சதக் கிழங்குச் செடியின் பூங்கொத்தோ மூன்று மீட்டர் உயரம் போகும். லயத்து வீட்டு வாசல் தாங்காது.

வாங்க வேண்டியது டைட்டனின் சொந்தக்காரச் சேனை. அரைக் கிலோ விதைக்கிழங்கு, இரண்டடிக் குழி, மக்கிய சாணம், முளை மேல்நோக்கி. நம்மூர் மழைக்குத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், மேட்டில் நடுங்கள். பெருத்த கிழங்கு இலைக்கு முன்பே பூக்கலாம். ஈக்களை அழைக்க அழுகிய இறைச்சி நாற்றம் வீசும். சமையலறை ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். கடையில் கிழங்குகள் கெட்டியாக இருக்கின்றன. முளை ஒடிந்ததை மட்டும் ஒதுக்கிவிட்டு எடுங்கள்.