கிரீன் ஸ்டார் பாலிப்பும் செனியாவும்: சில வருட வளர்ப்பில் தெரியவருவது

கிரீன் ஸ்டார் பாலிப்பும் செனியாவும் கடல்நீர் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படும் மென்பவளங்கள். கடையில் ஐந்து ரூபாய் நாணய அளவு பிளக்கில் (சிறு கல் வில்லையில்) ஒட்டியிருக்கும் கிரீன் ஸ்டார் பாலிப், வெளிச்சமும் நீரோட்டமும் ஒத்துவந்தால் ஒரு வருடத்தில் இரண்டு கை அகலப் பாறையை மூடிவிடும். செனியா அதைவிட வேகம். புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு இரண்டையும் ஒரே வரியில் சிபாரிசு செய்வது வழக்கம். ஆனால் பரவும் விதத்தில் இவை முற்றிலும் வேறு. ஒன்றுக்குப் போதுமான தடுப்பு மற்றதற்கு உதவாது.

ஜி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முதலாவது, ஊதா நிறத் தோல்போல ஊர்ந்து பரவுவது. பாலிப்புகள் (பூப்போல விரியும் சிறு உயிர்கள்) சுருங்கியிருக்கும்போது விளிம்பை உற்றுப் பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிர் ஊதாவாக ஒரு மெல்லிய ஓரம் தெரியும். அதில் இன்னும் பாலிப் முளைத்திருக்காது. வளர்ச்சி நடப்பது அங்கேதான். அந்த ஓரம் பக்கத்துக் கல்லைத் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் அதுவும் அதன் இடம்தான். இதற்குக் கொட்டும் திறன் குறைவு. கல்பவளத்தின் அடியைச் சுற்றி ஏறி, திசுவை மூடி மூச்சுத் திணற வைத்தே கொல்லும். மோன்டிபோரா போன்ற தட்டையாகப் படரும் பவளங்கள் முதலில் போகும். நீண்ட கொட்டும் கைகளுள்ள டார்ச் பவளம் ஓரளவு எதிர்த்து நிற்கும்.

எனவே ஜி.எஸ்.பி.யை வைக்கும் இடத்தை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். முதன்மைப் பாறை அடுக்கிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் வெறும் மணல் விட்டு, தனிக் கல்லில் சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டுங்கள். மணல் மேலேயும் நாக்குபோல நீளும்; ஆனால் அங்கே பிடிமானம் கிடைக்காததால் கத்தரிக்கோலால் சுலபமாக வெட்டி எடுக்கலாம். வாரம் ஒருமுறை கல்லின் பின்பக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்திலிருந்துதான் தாண்டிப் போகும்.

பின்கண்ணாடி முழுக்கப் படரவிடுவது இதன் மிகச் சிறந்த பயன்பாடு. நீரோட்டத்தில் ஆடும் பச்சைப் புல்வெளியாக நின்று, அந்தக் கண்ணாடியைத் தேய்க்கும் வேலையையும் மிச்சப்படுத்தும். ஒரே எச்சரிக்கை, தொட்டியின் மிகுதித் தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பற்றியது. அதன் சீப்புப் பற்கள் போன்ற இடைவெளிகளை இந்தத் தோல் அடைத்துக்கொண்டால் தொட்டியின் நீர்மட்டம் ஏறி வீட்டுத் தரையில் உப்புத் தண்ணீர் நிற்கும். பற்களைச் சுற்றி நான்கு விரல் அகலம் எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும். பழைய ஏ.டி.எம். அட்டையோ கண்ணாடிப் பிளேடோ போதும், தோல் ஒரே துண்டாக உரிந்து வரும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு வேண்டாம், கீறல் விழும்.

செனியாவுக்கு மணல் அகழி ஒரு பொருட்டே இல்லை. ஒரு தண்டு மெல்லச் சாய்ந்து பக்கத்துக் கல்லில் படும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நடுவில் மெலிந்து அறுந்து இரண்டு தனித்தனிப் பவளமாகும். அடிப்பாகமே நெடுக்காகப் பிளந்து இரட்டிப்பதும் உண்டு. பிய்ந்து மிதக்கும் சிறு துண்டு நீரோட்டத்தில் போய்ப் பாறைக்குப் பின்னால் தங்கி ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையை விரித்து மூடுவதுபோல அது துடிப்பது பார்க்க அழகுதான். அந்தத் துடிப்பு ஒளிச்சேர்க்கைக்கு உதவுவதைச் செங்கடலின் ஹெட்டரோசெனியாவில் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் கல்பவளங்கள் இருக்கும் தொட்டியில் செனியா வேண்டாம் என்பதே நீண்டகால வளர்ப்பின் தீர்ப்பு. ஆசை இருந்தால் தனியாக 30–40 லிட்டர் தொட்டி வையுங்கள்.

ஏற்கெனவே பரவிவிட்டதா? கத்தரிக்கோலால் தண்டை வெட்டுவது வீண் வேலை. கல்லில் ஒட்டியிருக்கும் பாதம் மிஞ்சினால் அதிலிருந்து திரும்ப முளைக்கும். தண்ணீர் மாற்றும் நாளில் செய்யுங்கள். ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது), வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்குவது) இரண்டையும் நிறுத்திவிட்டு, கல்லை வெளியே எடுக்க முடிந்தால் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் வைத்து, சிறு உளியால் பாதத்தோடு கல்லின் மேல்பரப்பையும் ஒரு செதில் சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். கெட்டியான பல்துலக்கியால் அந்த இடத்தைத் தேய்த்து, வேறு பக்கெட்டில் அலசிய பிறகே திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத கல் என்றால், 12 மி.மீ. சைபன் குழாயின் வாயை உளியின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு சுரண்டுங்கள். துண்டுகள் உடனே குழாய்க்குள் போய்விடும். குழாயின் மறுமுனையில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) கட்டினால் எதுவும் தப்பாது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தைப் பாருங்கள். கடுகளவு மொட்டுகள் கட்டாயம் இருக்கும். அவற்றை அப்போதே எடுத்தால்தான் வேலை முடியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கத் தோன்றும், செய்யாதீர்கள். பெரிய செனியாக் கூட்டம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது திடீரென்று போனால் மிச்சமாகும் சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். காயப்பட்ட மென்பவளங்கள் விடும் ரசாயனங்கள் கல்பவளங்களைச் சுருங்க வைக்கும் என்பதால், அந்த வாரங்களில் 200 லிட்டருக்குச் சுமார் 80 மில்லி அளவு புது ஆக்டிவேட்டட் கார்பனை ஓடவிட வேண்டும். பட்டினி போட்டு அடக்கலாம் என்று நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவதும் ஆபத்து. செனியா சுணங்குவதற்குள் பழுப்பு நூலாக டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்துவிடும். நைட்ரேட் 5–10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), பாஸ்பேட் 0.05 பிபிஎம் அளவில் வைத்துக்கொண்டு கையால் எடுப்பதே நிதானமான வழி.

கல் இடுக்கில் சிக்கிய ஒன்றிரண்டுக்குச் சுண்ணாம்புப் பசை வேலை செய்யும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்.ஓ. தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, பம்புகளை நிறுத்தி, சிரிஞ்சால் பாதத்தின் மேல் பூசி, 20 நிமிடம் விட்டு உறிஞ்சி எடுங்கள். ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம், பி.எச். ஏறிவிடும். பூசும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து இந்த இரண்டு பவளங்களையும் கொல்லும் என்பது உண்மைதான். கூடவே நத்தைகளையும் குழாய்ப்புழுக்களையும் பாதிக்கும், கல்லிலும் ஊறி நிற்கும். மற்ற உயிர்கள் வாழும் தொட்டியில் அது வேண்டாம்.

அதே கல்லில் பாலிதோவா, சோவாந்தஸ் (பொத்தான்போலக் கூட்டமாக வளரும், பவளங்களின் உறவு உயிர்கள்) இருந்தால் மேலே சொன்ன தேய்க்கும் வேலையைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லைக் கொதிக்க வைத்து, ஆவியை மூச்சில் இழுத்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கொதிக்க வைக்கவோ வெந்நீர் ஊற்றவோ வறண்ட நிலையில் சுரண்டவோ கூடாது.

எடுத்த துண்டுகளை எங்கே போடுவது என்பதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வெனிசுவேலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில், செனியாவின் நெருங்கிய உறவான உனோமியா ஸ்டோலோனிஃபெரா கடலடியைப் போர்த்தி, அங்கிருந்த பவளங்களை மூடிக் கொன்றிருக்கிறது. மீன்தொட்டி வணிகத்தின் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் 2020இல் அது கண்டறியப்பட்டது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கப்பாபைகஸ் பாசி பவளங்கள்மேல் ஏறிய கதை நமக்குத் தெரிந்ததுதான். துண்டுகளை நன்னீரில் ப்ளீச் கலந்து ஒரு நாள் ஊறவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கல் தேய்த்த தண்ணீரும் அதே பக்கெட்டில் ப்ளீச்சோடு ஒரு நாள் நிற்கட்டும், பிறகு கழிவறையில் ஊற்றலாம். கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு என்றால் மழைநீர் வாய்க்காலில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.