ஐசியூவா, ஜெனரல் வார்டா? நர்ஸ் சம்பளம் எதுல நல்லா வரும்?

கோர்ஸ் முடிச்ச கையோட எல்லாரும் குழம்புற விஷயம் இது.

சம்பளம்:
ஐசியூ – அலவன்ஸ் சேர்ந்தா கொஞ்சம் கூட வரும், எல்லா இடத்துலயும் இல்ல.
வார்டு – பேசிக் பல ஆஸ்பத்திரில ஐசியூ மாதிரியேதான்.
அரசு வேலைன்னா பெரும்பாலும் கிரேடும் சர்வீஸும்தான் பேசும், அதனால ஆஃபர் லெட்டர்ல மொத்தத் தொகைய பாத்து மயங்காம பேசிக் எவ்ளோ, நைட் டியூட்டிக்கு தனியா உண்டா, ஓவர்டைம் எப்படின்னு பிரிச்சு கேளுங்க.

வேலை:
ஐசியூ – ஒரு நர்ஸுக்கு ஒண்ணு ரெண்டு பேஷன்ட்தான், கேக்க சுகமா இருக்கும், ஆனா ஒரு பக்கம் வென்டிலேட்டர் அலாரம், இன்னொரு பக்கம் நார்அட்ரினலின் (பிபிய ஏத்துற மருந்து) பம்ப், மணிக்கொரு தடவ யூரின் அளந்து சார்ட்ல எழுதணும், பிபி சரிஞ்சா அவ்ளோதான், உக்காரவே முடியாது.
வார்டு – ஆள் ஜாஸ்தி, நடந்தே கால் போயிடும்.

அனுபவம்:
ஐசியூ – ரெண்டு மூணு வருஷம் இருந்தா கேத் லேப் (ஆஞ்சியோ பண்ற இடம்), டயாலிசிஸ், வெளிநாடுன்னு தாவலாம், சம்பளம் நிஜமா ஏறுறது அப்பதான்.
வார்டு – இன்சார்ஜ் ஆனாதான் ஏத்தம்.

ஊர்:
ரெண்டுக்கும் ஒரே கததான். பெரிய சிட்டில தொகை பெருசு, வாடகைய கழிச்சா சின்ன ஊர்க்காரங்க கையில நிக்கிறதே மேல்னு ஆயிடும்.

வெளிநாடு ஐடியா இருந்தா ஐசியூ. பேஷன்ட்கிட்ட பேசிப் பழக பிடிக்கும், பலவித கேஸ் பாக்கணும்னா வார்டு. நானா இருந்தா முதல் வருஷம் வார்டுல கை பழகிட்டு அப்புறம் மாறுவேன்.