மோனோவிஷன் லேசரா, வேறு வழியா? நாற்பதுக்கு மேல் கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்களுக்கு

இருபத்தைந்து வயதில் லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொள்பவருக்குக் கணக்கு சுலபம். கண்ணாடி போய்விடும், அவ்வளவுதான். நாற்பத்தைந்தில் போனால் மருத்துவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார்: “இரண்டு கண்ணையும் தூரத்துக்கே வைத்துவிடலாமா, இல்லை ஒன்றைக் கிட்டத்துக்கு விட்டுவிடலாமா?” இரண்டாவதாகச் சொன்னதுதான் மோனோவிஷன். விளம்பரத்தில் இந்தக் கேள்வி இருக்காது. ஆனால் விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

லேசர் செதுக்குவது கருவிழியை. கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்து வருவதோ அதற்குப் பின்னால் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதோடு இறுகிப்போவதால். அந்த இறுக்கத்தை லேசிக், பிஆர்கே, ஸ்மைல் என்ற லேசர் முறைகள் எதுவும் தொடுவதில்லை. அதனால் எந்த வழியில் போனாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் ஒவ்வொரு வழியும் வேறுபடுகிறது.

முதல் வழி, இரண்டு கண்ணும் தூரத்துக்கு, படிக்க மட்டும் ரீடிங் கிளாஸ். பார்வைத் தரத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இரவில் வண்டி ஓட்டுவது, படி இறங்குவது, பந்து பிடிப்பது எல்லாவற்றிலும் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். தொல்லை என்னவென்றால், போன், மெனு கார்டு, பில் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கண்ணாடியைத் தேட வேண்டும். இதில் மைனஸ் 2 பவர்க்காரர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. இவர்கள் இதுவரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுகமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டு கண்ணையும் தூரத்துக்குத் திருத்தினால் அந்த வசதி அன்றோடு போயிற்று. “ஆபரேஷனுக்கு அப்புறம்தான் படிக்க முடியாமல் போச்சு” என்ற புலம்பல் இப்படித்தான் வருகிறது.

மோனோவிஷனில் ஆதிக்கக் கண்ணைத் தூரத்துக்குத் திருத்தி, மற்றதில் பெரும்பாலும் மைனஸ் 1.25 முதல் 1.75 வரை பவரை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். எது ஆதிக்கக் கண் என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கையாலும் சின்ன முக்கோண ஓட்டை செய்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அது.

இனி கொஞ்சம் கணக்கு, ஏனென்றால் இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 100ஐ அந்தப் பவரால் வகுத்தால், உள்ளிருக்கும் லென்ஸ் வளைந்து உதவாமலே அந்தக் கண்ணுக்கு எத்தனை செ.மீ. தூரத்தில் தெளிவாகத் தெரியும் என்பது வரும். மைனஸ் 1.5 என்றால் சுமார் 67 செ.மீ. அது கம்ப்யூட்டர் திரையின் தூரம். பேப்பர் படிக்கும் 40 செ.மீ.க்கு 2.5 வேண்டும். நாற்பத்தைந்து வயதில் லென்ஸுக்குக் கொஞ்சம் வளையும் தன்மை மிச்சம் இருப்பதால் குறையும் அந்த 1 பவரை அதுவே ஈடுகட்டிவிடும். அறுபதில் அது கிட்டத்தட்ட இருக்காது. திரை தெரியும், மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்து தெரியாது. ஆக மோனோவிஷனுக்கு ஒரு காலாவதி உண்டு. சரி, ஆரம்பத்திலேயே 2.5 வைத்துவிட்டால்? இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் கூடக்கூட ஆழம் உணர்வது குறையும், மூளைக்கும் பழகுவது கஷ்டம்.

ஆழம் குறைவது எவ்வளவு முக்கியம் என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது. 1996 அக்டோபரில் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் டெல்டா நிறுவனத்தின் எம்டி-88 விமானம், ஓடுபாதைக்கு முன்னால் இருந்த விளக்குத் தாங்கிகளில் இடித்து இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. கேப்டன் அணிந்திருந்த மோனோவிஷன் கான்டாக்ட் லென்ஸை அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் காரணமாகக் குறிப்பிட்டது. மழை, கீழே தண்ணீர், உயரத்தைக் கணிக்க வேறு அடையாளம் இல்லாத நிலை. ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. இரவில் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர், நுணுக்கமான கைவேலை செய்பவர், தீவிரமாக ஷட்டில் ஆடுபவர் யோசிக்க வேண்டும். இரவில் கண் பாப்பா விரிவதால் கிட்டத்துக் கண்ணின் மங்கல் கூடுதலாக உறுத்தும். இதற்கென்று ஒரு கண்ணாடி செய்து காரில் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதாவது கண்ணாடி முழுசாகப் போகவில்லை.

அதனால் கான்டாக்ட் லென்ஸ் மோனோவிஷனை லேசருக்குப் போட்டியாக நான் பார்ப்பதில்லை, ஒத்திகையாகத்தான் பார்க்கிறேன். கிளினிக்கில் பத்து நிமிடம் சோதனைக் கண்ணாடி மாட்டிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் போட்டுக்கொண்டு ஆபீஸ் போங்கள், இரவில் வண்டி ஓட்டுங்கள், கறி நறுக்குங்கள். முதல் இரண்டு நாள் தலை கிறுகிறுப்பது சகஜம். பத்தாவது நாளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கத் தோன்றினால், உங்களுக்கு இது ஒத்துவராது. சின்ன வயதில் மாறுகண் இருந்தவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அடங்கியிருந்தது திரும்பிவந்து, ஒன்று இரண்டாகத் தெரியலாம். ஒத்திகை முடிந்ததும் உடனே லேசருக்கு அளவெடுக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கும், மருத்துவர் சொல்லும் நாள்வரை கழற்றி வைத்திருக்க வேண்டும். ஒத்திகையே வேண்டாம், நேரே செய்துவிடலாம் என்று சொல்லும் இடத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிரெஸ்பியாண்ட் போன்ற கலப்பு முறைகள் இதன் அடுத்த வடிவம். ஒவ்வொரு கண்ணிலும் தெளிவு நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் நீட்டி, நடுவில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி செய்வார்கள். பழகுவது பலருக்கு எளிது, பதிலுக்குச் செலவு கூடும். கண் சொட்டு மருந்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பைலோகார்பின் பாப்பாவைச் சுருக்கிச் சில மணி நேரம் படிக்க உதவும், மங்கலான வெளிச்சத்தில் அதுவே தொல்லை.

ஐம்பத்தைந்து தாண்டியவருக்கு உண்மையான போட்டி லென்ஸ் மாற்று சிகிச்சைதான். கண்புரைக்குச் செய்யும் அதே ஆபரேஷன். இறுகிய லென்ஸையே எடுத்துவிடுவதால் பார்வை பிறகு வயதோடு நழுவாது, கண்புரையும் வராது. ஆனால் இது கண்ணுக்குள் கை வைக்கும் வேலை. தொற்று, விழித்திரை விலகல் ஆகிய ஆபத்துகள் அரிதென்றாலும் உண்டு, அதிலும் விழித்திரை ஆபத்து அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்குக் கூடுதல். தூரம், கிட்டம் இரண்டுக்கும் உதவும் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். நாற்பத்தைந்து வயதில், நன்றாக இருக்கும் லென்ஸை எடுப்பது எனக்கு அவசரமாகப் படுகிறது.

மோனோவிஷன் லேசர் நன்றாகப் பொருந்துவது நாற்பதுகளில் இருக்கும் மைனஸ் பவர்க்காரர்களுக்கு. இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.5 என்றால் ஆதிக்கக் கண்ணுக்கு மட்டும் செய்து மற்றதைத் தொடாமலே விடலாமா என்று கேளுங்கள். பிடிக்காமல் போனால் பின்னால் அதையும் திருத்திக்கொள்ளலாம், கருவிழியின் தடிமன் இடம் கொடுத்தால். பிறந்ததிலிருந்து கண்ணாடியே போடாதவர், படிப்பதற்காக ஒரு நல்ல கண்ணின் தூரப் பார்வையைக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு ரீடிங் கிளாஸ் போதும். கண் வறட்சி ஏற்கெனவே இருந்தால் அதற்கு வைத்தியம் முதலில்.

எதைச் செய்தாலும், ஆபரேஷனுக்கு முன் எடுத்த கருவிழி அளவுகளையும் பவர் சீட்டையும் பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். லேசர் செய்த கண்ணுக்குப் பின்னாளில் கண்புரை வந்தால், வைக்க வேண்டிய லென்ஸின் பவரைக் கணக்கிடுவது சிக்கலாகும். அன்றைக்கு மருத்துவர் முதலில் கேட்கக்கூடியது அந்தத் தாள்களைத்தான்.