வீட்டுக்கே வந்து டைமிங் பெல்ட் மாத்தித் தர்றோம்னு சொன்னா கொஞ்சம் யோசிங்க

நீளமான பதிவு, பொறுமையா படிங்க. நம்ம ஏரியா பக்கம், அதாவது மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் இந்த சுத்துவட்டாரத்துல அபார்ட்மென்ட் பார்க்கிங்லயே வந்து கார் வேலை பாக்குற ஒருத்தரால நான் பட்டது இது. பேரு போட விரும்பல, ஆனா என்ன பண்ணாருன்னு சொல்லிடுறேன், அதே மாதிரி யாராச்சும் வந்தா உங்களுக்கே புரியும்.

வண்டி அப்பாவோட சான்ட்ரோ ஜிங், 2009 மாடல், 1086 சிசி. இங்க இருங்காட்டுக்கோட்டைல செஞ்ச வண்டி, அப்பாவுக்கு அது மேல தனி பாசம், விக்கலாம்னு வாயத் தொறந்தாலே ரெண்டு நாளைக்கு பேச மாட்டாரு. 68 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு, ஆனா டைமிங் பெல்ட் (எஞ்சின்ல பிஸ்டன் ஓட்டத்தையும் வால்வ் தொறந்து மூடுறதையும் ஒரே தாளத்துல வச்சிருக்குற பல்லு வச்ச ரப்பர் பெல்ட்) மாத்தினதா ஒரு பில்லும் இல்ல. ரப்பர் பெல்ட்டுக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்ல, வயசும் கணக்குதான். அது ஓடிட்டிருக்கும்போது அறுந்தா வால்வ் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு எஞ்சினோட மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரும்னு படிச்சு பயந்துட்டேன். எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல ஒரு நம்பர் வந்துச்சு. பெல்ட், அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங், ஆயில் கசியாம தடுக்குற ஆயில் சீல், லேபர் எல்லாம் சேத்து 6,500 ரூபாய், வீட்டு வாசல்லயே, மூணு மணி நேரத்துல முடிச்சிருவோம் சார்னாரு. நம்ம கண்ணு முன்னாடி நடக்குற வேலைல என்ன ஏமாத்திட முடியும்னு நினைச்சேன். அங்கதான் தப்பு பண்ணேன்.

ஞாயித்துக்கிழமை ஒரு பையனோட வந்தாரு. முன் வீலைக் கழட்டி ஜாக்கி மேலயே வண்டிய நிறுத்தினாரு, ஸ்டாண்டு கிடையாது, ஒரு செங்கல்லு கூட வைக்கல. அந்த வேலைல முதல் சோதனையே கிராங்க் (பிஸ்டன் திருப்புற எஞ்சினோட அடித்தண்டு) முனைல இருக்குற புல்லிச் சக்கரத்தோட போல்ட்தான், அது நூறு நியூட்டன் மீட்டருக்கு மேல இறுக்கியிருக்கும், வருஷக்கணக்கா சூட்டுல கெடந்தது வேற. பையன உள்ள உக்கார வச்சு அஞ்சாவது கியர் போட்டு பிரேக்க மிதிக்கச் சொன்னாரு, அசையல. சரி இதுக்கு மேல இம்பாக்ட் கன்னு வச்சு எடுப்பாரு இல்ல புல்லியப் பிடிக்கிற டூல் எடுப்பாருன்னு பாத்தா, நீளமான ராட போல்ட்ல மாட்டி, வீலைத் தாங்குற லோயர் ஆர்ம் மேல முட்டுக் குடுத்து நியூட்ரல்ல போட்டு "டேய் செல்ஃப் அடி"ன்னாரு. ஸ்டார்ட்டர் மோட்டார் கிராங்க திருப்பும், ராடு போல்ட்ட விடாது, அதனால போல்ட் லூஸ் ஆகும், அதான் கணக்கு. பண்றவங்க நெறய பேரு இருக்காங்க, ஆனா இக்னிஷன் காயில் கனெக்டரையாவது கழட்டணும்ல? கழட்டல. எஞ்சின் பத்திக்கிட்டா அந்த ராடு யார் காலை எடுக்கும்னு தெரியாது. ரெண்டாவது தடவ ராடு நழுவி டமார்னு தரைல வந்து விழுந்துச்சு, வாட்ச்மேன் தாத்தா ஓடி வந்துட்டாரு. மூணாவது தடவ போல்ட் வந்துச்சு.

புல்லி வரல. அதுக்கு புல்லர்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு காலோ மூணு காலோ வச்சு நடுவுல ஸ்க்ரூவ திருகினா நேரா வெளிய வரும். இவரு ஸ்க்ரூட்ரைவர பின்னாடி குடுத்து ஓரத்துல சுத்தியலால தட்டித் தட்டி எடுத்தாரு, ஓரத்துல ஒரு சில்லு பேந்து போச்சு. "அது ஒண்ணும் இல்ல சார்."

கவர கழட்டினதும் பழைய பெல்ட்லயும் பல்சக்கரத்துலயும் வைட்னர் பேனால குறி போட்டாரு. ஆஹா தொழில் தெரிஞ்சவர்னு நான் மனசுக்குள்ள பாராட்டினேன், அது ஒரு கூத்து. முறைப்படி முதல் சிலிண்டர் பிஸ்டன் மேல வர்ற நிலைல கிராங்க் ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) குறி ஆயில் பம்ப் மேல இருக்குற குறியோடயும், மேல கேம் (வால்வத் தொறக்குற தண்டு) ஸ்ப்ராக்கெட் குறி அதோட இடத்துலயும் நிக்கணும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து, அதனால கீழ் குறி மட்டும் சேந்தா போதாது, மேலயும் பாக்கணும். இவரு இதுல எதையும் நிறுத்தல, வண்டி நின்ன நெலைல அப்படியே பழைய பெல்ட்ட உருவுனாரு. உருவுனதும் மேல கேம் "டக்"னு கொஞ்சம் திரும்புச்சு, நான் பாத்தேன். வால்வ் ஸ்ப்ரிங் தள்ளுறதால பிடிப்பு விட்டதும் அது தானா திரும்பும். அவரு ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல.

அடுத்து நான் டீ கொண்டு வர மாடிக்குப் போனேன். வர்றதுக்குள்ள புது பெல்ட் ஏறி கவரும் மூடியாச்சு, புல்லி போல்ட்ட ராட வச்சு கையாலேயே இறுக்கிட்டு இருந்தாரு. அளந்து இறுக்குற டார்க் ரெஞ்ச் இல்லையான்னு கேட்டதுக்கு "கை கணக்கு போதும் சார், இருவது வருஷம் சர்வீஸ்"னாரு. ஸ்பானர் போட்டு எஞ்சின கையால ரெண்டு சுத்து திருப்பி குறி திரும்பவும் சேருதான்னு பாத்தாரான்னா, இல்ல. நேரா சாவி. பழைய சாமான் எங்கன்னு கேட்டேன், "பையன் குப்பைல போட்டுட்டான்." 6,500 ஜிபேல போட்டேன். பில்லுன்னு வெள்ளப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாரு, அதுல ஆயில் சீல் 3 நம்பர்னு இருந்துச்சு.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு, ஆனா சிக்னல்ல நின்னா ஸ்டியரிங்கே ஆடுற அளவுக்கு ஐடிலிங் நடுக்கம், ஏசி போட்டா பள்ளிக்கரணை ஃப்ளைஓவர் ஏற மூச்சு வாங்குது. மைலேஜ் 16 குடுத்த வண்டி 11க்கு வந்துச்சு. ஃபோன் பண்ணா "புது பெல்ட் சார், 500 கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிரும்"னாரு. தயவுசெஞ்சு இத நம்பாதீங்க. பல்லு வச்ச பெல்ட் செட் ஆகுறதுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது, பல்லு சரியான இடத்துல உக்காந்திருந்தா முதல் நிமிஷத்துலேந்தே சரியா ஓடும். அடுத்த ஃபோன்ல பெட்ரோல் சரியில்லன்னாரு. அதுக்கடுத்து நேர்ல வந்து த்ராட்டில் பாடி கிளீனிங், பிளக் மாத்தணும்னு 1,800 வாங்கிட்டாரு. அதையும் குடுத்தேன், என்னய என்ன சொல்ல.

மூணாவது வாரம் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுல போறப்ப கீழேந்து டொக் டொக்னு சத்தம், பேட்டரி லைட் எரிஞ்சுது. கூட அப்பா. ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன், நான் பண்ணதுல உருப்படியான ஒரே காரியம் அதுதான். டோ பண்ணி கீழ்க்கட்டளைல எங்க அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கமான ஒரு பெரியவர் ஷெட்டுக்கு கொண்டு போனோம்.

அவரு கையால தொட்டதும் புல்லி ஆடுச்சு. போல்ட் ரெண்டு விரல்ல சுத்துற அளவுக்கு லூஸு. கழட்டிக் காட்டினாரு, புல்லிக்குப் பின்னாடி ஸ்ப்ராக்கெட்ல இருக்குற கீ (சக்கரத்த தண்டுல சரியான எடத்துல உக்கார வைக்கிற சின்ன இரும்புத் துண்டு) பாதி நசுங்கியிருக்கு, கிராங்க் முனைல கீ உக்கார்ற பள்ளமும் லேசா விரிஞ்சிருக்கு. அவரு சொன்னது எனக்கு அப்படியே மண்டைல நிக்குது, "தம்பி, கீ எடம் காட்டத்தான், பாரம் இழுக்க இல்ல. பாரத்த இழுக்குறது போல்ட்டோட இறுக்கம். இறுக்கம் போச்சுன்னா மொத்த அடியும் கீ மேல விழும், கீ தேய்ஞ்சா டைமிங் தானா நகரும்." இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா கிராங்கையே வெளிய எடுக்குற வேலை.

கவரத் தொறந்தா அடுத்த ஷாக். டென்ஷனர் பேரிங் பழசேதான், சுத்தினா கரகரங்குது. ஆயில் சீல் ஒண்ணு கூட மாத்தல, கிராங்க் சீல்லேந்து கசிஞ்ச ஆயில் புது பெல்ட் மேல படிஞ்சிருக்கு, ஆயில் பட்டா அந்த ரப்பர் ஊறி சீக்கிரம் போயிரும். பெல்ட் மட்டும் புதுசு, அதுவும் டூப்ளிகேட்டுன்னாரு, மேல இருந்த பிரிண்ட் நகத்தால சொரண்டினாலே வந்துச்சு. அதுக்கும் மேல கேம் ஒரு பல்லு தள்ளி நிக்குது. ஒரு பல்லுதானேன்னு கேட்டேன், சாதாரணமா கிராங்க் கணக்குல அது 15லேர்ந்து 18 டிகிரியாம், வால்வ் தொறக்குறது மூடுறது எல்லாமே நேரம் மாறிப்போகும், பிக்கப் எங்கேந்து வரும்னாரு. வால்வ் வளையாம தப்பிச்சது அப்பா செஞ்ச புண்ணியம்னு வச்சுக்கறேன்.

புது கீ, ஸ்ப்ராக்கெட், புல்லி, போல்ட், டென்ஷனர், பெல்ட், சீல், லேபர் எல்லாம் சேத்து 14,200. இந்தத் தடவ கூடவே நின்னேன். குறி சேத்து வச்சு, பிளக்க கழட்டிட்டு கையால ரெண்டு சுத்து திருப்பி, திரும்ப குறி பாத்து, டார்க் ரெஞ்ச்ல "கடக்"னு சத்தம் வந்தப்புறம்தான் கவர மூடினாரு. பழைய சாமான் மொத்தத்தையும் கவர்ல போட்டு நான் கேக்காமயே கைல குடுத்துட்டாரு.

பணத்த திருப்பிக் கேட்டேன். முதல்ல "வெளில காட்டிட்டீங்கல்ல, அவங்க கெடுத்திருப்பாங்க"ன்னாரு, அப்புறம் பிளாக். நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு புகார் பதிவு பண்ணியிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கெடையாது. ஆனா என் கைல இருக்குறது ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸப் சாட், கடை பேரோ ஜிஎஸ்டி நம்பரோ இல்லாத ஒரு வெள்ளப் பேப்பர். வேலைய ஆரம்பிக்கும்போதே "பழைய பார்ட்ஸ் எல்லாம் எனக்கு வேணும்"னு ஒரு வார்த்த சொல்லி, கவர் மூடுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. டீ போட மாடிக்குப் போகாம இருந்திருந்தாலும்.

இத இப்ப ஏன் எழுதுறேன்னா, நேத்து எங்க பி பிளாக் ஆன்ட்டி கூப்பிட்டு "தம்பி, உங்க காருக்கு வந்தாரே அவரு எப்படி, என் வேகன் ஆருக்கு டைமிங் பெல்ட் மாத்தணும்னு 7,000 சொல்றாரு, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்"னாங்க. அவங்க வண்டி 2014 மாடல், கே10 எஞ்சின். அதுல இருக்குறது செயின் ஆன்ட்டி, பெல்ட்டே கெடையாது.