நீர் புகாத பெட்டி, நீர் போகாத பெட்டி

சிங்கப்பூரின் பொங்கோலில் நிற்கும் எங்கள் 19 அடி ஃபைபர் படகுக்கு நான்கு பங்காளிகள். என் மச்சான், அவரோடு கப்பல் பட்டறையில் வேலை செய்த சீன நண்பர், பிடோக் ஜெட்டியில் தூண்டில் போட்டுப் பழக்கமான மலாய் அண்ணன், நான். 2020 கடைசியில் வாங்கினோம். அதற்கு முன் ஜெட்டியில் உட்கார்ந்து மீன் பிடித்த காலத்தில் ஒரு தோள்பையும் பழைய பிஸ்கட் டின்னும் எனக்குப் போதுமாக இருந்தன. படகு வந்ததும் சாமானும் பெருகியது. அவற்றை வைக்க வாங்கியவற்றில் எது நிலைத்தது, எது குப்பைக்குப் போனது என்ற கணக்கைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 68 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு நீர்புகாப் பெட்டி. மூடியின் விளிம்பு முழுக்க ஆரஞ்சு நிற ரப்பர் வளையம், நான்கு பக்கமும் கொக்கிகள். கடைக்காரர் அதை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக் காட்டினார். உள்ளே வைத்திருந்த டிஷ்யூ காகிதம் காய்ந்தபடியே வெளியே வந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. இன்றுவரை அந்தப் பெட்டிக்குள் வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போனதில்லை.

ஆனால் உள்ளே போனது வெளியே வரவும் இல்லை. ஒரு நாள் மாலை தூண்டிலை மடக்கியபோது, சீலா மீன் கடித்த ஜிக் (உலோகப் போலி இரை) ஒன்றைச் சட்டை நுனியில் துடைத்து, காய்ந்துவிட்டது என்ற நினைப்பில் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். மூடியின் உட்புறம் முழுக்க வியர்த்துப் போயிருந்தது. அந்த ஜிக்கின் முக்கவர் முள் (மூன்று கொக்கி கொண்ட தூண்டில் முள்) துருவேறி பிளாஸ்டிக் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்த்தெடுத்த இடத்தில் மூன்று கொக்கிகளின் வடிவம் பழுப்புக் கோலமாகப் படிந்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. இதைவிடக் கொடுமை, அதே தட்டில் இருந்த, ஒருமுறைகூடக் கடலைத் தொடாத 11 புது முட்களும் வளைவுகளில் சிவந்து கிடந்தன.

இதற்குக் காரணம் எல்லாச் சமையலறையிலும் இருக்கிறது. மழை நாளில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐயும் தாண்டும். அதாவது, கடல்நீர் பட்ட முள்ளை நல்ல தண்ணீரில் அலசாமல் எவ்வளவு நேரம் காயவைத்தாலும் இந்த ஊரில் அது காயாது. அதன் மேல் படிந்திருக்கும் உப்பு இரவெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு முள்ளை ரப்பர் வளையம் போட்ட பெட்டிக்குள் அடைத்தால் மற்ற முட்களுக்கும் அதே கதிதான்.

இது புரிவதற்குள் இன்னொரு தவறும் செய்தேன். படகில்தான் ஈரம், வீட்டில் பத்திரமாக இருக்கும் என்று எண்ணி எல்லாவற்றையும் வீட்டுக் காப்பறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். 1998-க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், போர்க்காலப் பாதுகாப்புக்காகத் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக இருக்கும் அதே அறைதான். நம் வீடுகளில் அது அரிசி மூட்டையும் பயணப் பெட்டியும் வைக்கும் இடம். கதவைச் சாத்தினால் காற்றோட்டம் மிகக் குறைவு. இரண்டு மாதத்தில் ரீல் உறைகளில் பூஞ்சை பூத்தது. பக்கத்தில் இருந்த வெங்காயத்திலும் மீன் வாடை ஏறியதால் அந்த ஏற்பாடு வீட்டுக்காரம்மாவின் கட்டளைப்படி முடிவுக்கு வந்தது.

அடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். மாத்திரைப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்தேன். அவை எப்போது நிறைந்தன என்று கண்ணுக்குத் தெரியாது. நிறைந்தபின் பெட்டிக்குள் கிடக்கும் வெறும் கல்தான். பிறகு ஆரஞ்சு நிற மணிகளாக வாங்கினேன். ஈரம் குடித்துவிட்டால் அவை கரும்பச்சையாகிவிடும். 120 டிகிரி சூட்டில் மின்னடுப்பில் (oven) இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. முதல் தடவை பையோடு வைத்துவிட்டேன். பை உருகித் தட்டில் ஒட்டியது. "சமைக்கிற அடுப்பில் இதெல்லாம் வேகுமா?" என்று கேள்வி வந்தது, பதில் சொல்லவில்லை. இப்போது அதற்கென்று பழைய அலுமினியத் தட்டு ஒன்று தனியாக இருக்கிறது. மணிகளைப் போட்டு வைப்பது தேயிலை வடிக்கும் கம்பிக் கூண்டில். ஒரு பெட்டிக்கு ஒரு கூண்டு என்ற கணக்கில் மூன்றாண்டாக ஓடுகிறது. அதைப் பெரிய தீர்வு என்று சொல்லமாட்டேன். உப்பு ஒட்டிய முள் உள்ளே இருந்தால் மணிகள் நான்கே நாளில் பச்சையாகிவிடும். சுத்தமான பெட்டியில் இரண்டு மாதம் வரை தாங்கும்.

உண்மையில் வேலை செய்தது இரண்டு வெள்ளிக் கடையில் வாங்கிய, காய்கறி கழுவும் ஓட்டைக் கூடை. படகின் பின்பக்கம், கால் படாத மூலையில் கட்டி வைத்திருக்கிறோம். தண்ணீரைத் தொட்ட எதுவும் அன்று பெட்டிக்குத் திரும்பக் கூடாது. நேராகக் கூடைக்குத்தான் போக வேண்டும். கரைக்கு வந்ததும் கூடையோடு குழாயடியில் காட்டுவோம். முறை வைத்து ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பத்து நிமிடம் வாளியில் ஊறவைத்து, இரவு முழுக்க மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைப்பார். வெயிலில் வேண்டாம், தங்கூசியும் (தூண்டில் நைலான் நரம்பு) ரப்பர் இரைகளும் வெயிலுக்கு ஆகாது. அதன் பிறகுதான் பெட்டி. கூடை வந்தபின் நான் துருவுக்காகத் தூக்கியெறிந்த முட்களை ஒரு கையில் அடக்கிவிடலாம்.

ரப்பர் இரைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று மென்புழுக்களையும் கெட்டி பிளாஸ்டிக் மீன்களையும் ஒரே தட்டில் வைத்தேன். புழுவை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து மீனின் வண்ணத்தைக் கரைத்துவிட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டு மிட்டாய்போல இழுபட்டன. சிவப்புப் புழுவின் பக்கத்தில் இருந்த வெள்ளைப் புழு ரோஜா நிறமாகிவிட்டது. மென்புழு எந்தப் பையில் வந்ததோ அந்தப் பையிலேயே இருக்கட்டும்.

செலார், தம்பான் என்ற சிறு மீன்களைப் பிடிக்க நாங்கள் போடும் சபிகி என்ற தூண்டில் சரம், ஆறு சிறு முட்களுடன் தலைமுடிபோலச் சிக்கும். அதற்கு வழி கண்டவர் மலாய் அண்ணன். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழாயை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, விளிம்பில் கத்தியால் கீறி, சரத்தின் ஒரு நுனியைக் கீறலில் செருகிச் சுற்றி, முட்களை ஒவ்வொன்றாக நுரையில் குத்தி வைத்தார். இருட்டிலும் கைவிரலில் குத்தாமல் பிரித்துவிடலாம். குறை ஒன்றுதான்: கீறலுக்குள் உப்பு தங்கும். நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை துண்டை மாற்றிவிடுகிறோம். குழாயின் விலை இரண்டு வெள்ளிதான்.

ஈயக்குண்டுகளை முதலில் அணியத்தில் (படகின் முன்பகுதி) இருக்கும் அறையில் போட்டிருந்தோம். நான்கு பேர் குண்டும் சேர்ந்து 14 கிலோ. படகு மூக்கைக் கவிழ்த்துக்கொண்டே ஓடியது. அலையில் முகம் நனைந்தபடி வந்த மச்சான், என்ஜின்மீது சந்தேகப்பட்டு மெக்கானிக்கைக்கூட அழைத்துவிட்டார். வந்தவர் அணியத்து மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். இப்போது குண்டுகள் படகின் நடுவில், தரையோடு, வாய் வெட்டிய 5 லிட்டர் எண்ணெய்க் கேனில். முன்பு வைத்த பால்மாவு டின் ஆறு மாதத்தில் அடி கழன்றுவிட்டது. ஈயத்தைத் தொட்ட கை சாம்பல் நிறமாகும். சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரும் நாசி லெமாக் பொட்டலத்தைத் தொடக்கூடாது என்பதில் மலாய் அண்ணன் கண்டிப்பானவர். அது சரிதான்.

பெட்டிகள் நழுவுவதைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை, ஒரு ஜூன் மாத விடியலில் உபின் தீவுக்குக் கிழக்கே சுமத்ராக் காற்று (மேற்கிலிருந்து திடீரென வரும் மழைப்புயல்) எங்களைப் பிடிக்கும்வரை. மேற்கே வானம் கறுத்ததைப் பார்த்துவிட்டுத்தான் தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தோம். பத்து நிமிடத்தில் மழை சாட்டையாக அடித்தது. கொக்கி போடாமல் வைத்திருந்த பெட்டி ஒன்று தரை நெடுக வழுக்கி, என்ஜின் பக்கம் மோதிக் கவிழ்ந்தது. முக்கவர் முட்கள் எங்கும் சிதறின. ஒன்று மச்சானின் செருப்பைத் துளைத்துக் கட்டை விரலருகே நின்றது, தோலைத் தொடவில்லை. மற்றொன்றை மறுவாரம் என் மழைச்சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அன்றிலிருந்து அலமாரிகளில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பு, குறுக்கே ஒரு வார், இரை மாற்றியதும் கொக்கியைப் போடுவது என்ற மூன்றும் பழக்கமாகிவிட்டன. குறடு மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. சுருள் கயிற்றில் ஓட்டுநர் பக்கம் தொங்கும். முள் மீனின் வாயில் இருந்தாலும் ஆளின் விரலில் இருந்தாலும் தேட நேரம் இருக்காது.

கீல்களைப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கிலேயே வார்த்த கீல்கள் ஐந்தாண்டாக அப்படியே இருக்கின்றன. உலோக ஊசி கோத்த கீல், துருப்பிடிக்காத எஃகு என்று போட்டிருந்தும் ஓராண்டில் இறுகிவிட்டது. 304 வகை எஃகு கடல் உப்புக்குத் தாக்குப்பிடிக்காது. மாலிப்டினம் கலந்த 316 வகைதான் தாங்கும். ஆனால் மலிவுப் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

அந்த 68 வெள்ளிப் பெட்டியை நான் எறியவில்லை. கைப்பேசி, முதலுதவிப் பொருள்கள், பிரிக்காத தங்கூசிச் சுருள்கள், படகு ஓட்டும் உரிமத்தின் நகல் எல்லாம் இப்போது அதில்தான். தண்ணீரைத் தொடாத சாமானுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. தரையில் அந்த மூன்று கொக்கிக் கோலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சீன நண்பர் இரண்டு அடுக்கு நீர்புகாப் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். வாளியில் அமுக்கிக் காட்டினார்களாம். நான் ஒன்றும் சொல்லாமல், ஆரஞ்சு மணிகள் நிரப்பிய கம்பிக் கூண்டு ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர்த் தேயிலை என்று கேட்டார்.