ஆட்டாப்சியா, எக்ஸ்-வேஸா?

கணினி, டிஸ்க்குகளில் உள்ள டிஜிட்டல் தடயங்களை ஆராயும் மென்பொருள்கள் இரண்டும். வேகத்தில் எக்ஸ்-வேஸ் ஃபோரன்சிக்ஸ் முந்தும், ஆட்டாப்சி இலவசம். இந்த இரண்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிறிய ஆய்வகத்துக்கு ஆட்டாப்சியைச் சொல்வதற்குக் காரணம் வேறு: கேஸை வருடங்கள் கழித்து மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

குறுக்கு விசாரணை வரும் நாளில் எக்ஸ்-வேஸ் கேஸைத் திறக்க டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் யுஎஸ்பி சாவி) கையில் இருக்க வேண்டும். நிரந்தர உரிமம் வாங்கியிருந்தால் அப்டேட் காலம் முடிந்த பிறகும் பழைய பதிப்பு ஓடும், அது நல்ல ஏற்பாடு. டாங்கிள் தொலைந்தால்தான் தலைவலி. ஆட்டாப்சிக்கு அந்தக் கவலை இல்லை. எதிர்த்தரப்பு நிபுணரும் காசு கொடுக்காமல் இறக்கி, அதே கேஸைச் சரிபார்க்கலாம்.

ஆனால் ஒரு பொறி உண்டு. புதிய பதிப்பில் பழைய கேஸைத் திறந்தால் அதன் டேட்டாபேஸ் மேம்படுத்தப்படும். அதன்பின் பழைய பதிப்பில் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே பயன்படுத்திய பதிப்பின் இன்ஸ்டாலரையும் கேஸ் ஃபோல்டருடனே சேமியுங்கள். மறுபடி பார்க்கும்போது நகலைத் திறங்கள், மூலத்தை அல்ல. ஈ01 இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) இடம் மாறியிருந்தால் எங்கே என்று கேட்கும், காட்டினால் போதும். உடனே டேட்டா சோர்ஸ் இன்டெக்ரிட்டி மாட்யூலை ஓட்டி, ஈ01-க்குள் பதிந்த ஹாஷோடு (தரவின் கைரேகை போன்ற எண்) ஒத்துப்போகிறதா பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்துக்குத் தரும் சான்றிதழிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டுமே!

ஆட்டாப்சி மெதுவாக ஓடுகிறது என்ற புகாரில் பாதி, எல்லா மாட்யூலையும் (தனித்தனி ஆய்வுப் பகுதிகள்) டிக் செய்வதால் வருவது. முதல் சுற்றில் ஹாஷ் லுக்அப் (தெரிந்த கோப்புகளை ஹாஷ் கொண்டு அடையாளம் காண்பது), ஃபைல் டைப், ரீசென்ட் ஆக்டிவிட்டி போதும். சொல் தேடலுக்கான கீவேர்டு இண்டெக்ஸும், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக்கும் தேவைப்பட்டால் அடுத்த சுற்றில். கேஸ் ஃபோல்டர் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், இமேஜ் வேறு டிஸ்க்கில். ஆப்ஷன்ஸில் ஜேவிஎம் மெமரியை (ஆட்டாப்சி பயன்படுத்தும் நினைவக அளவு) உயர்த்தி, மென்பொருளை மறுபடி தொடங்குங்கள்.

எக்ஸ்-வேஸுக்குக் கை போக வேண்டிய இடம் சம்பவ இடம். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும். இண்டெக்ஸ் கட்டாமலே பல சொற்களை ஒரே நேரத்தில் தேடும். திரை நெரிசல்தான், பழக நாளாகும்.

பல ஆய்வாளர்கள் ஒரே கேஸில் வேலை செய்யும் பெரிய ஆய்வகத்துக்கு ஆட்டாப்சி பக்கமான இந்தச் சாய்வு பொருந்துமா என்பது சந்தேகம். ஆட்டாப்சியின் பல பயனர் முறைக்கு போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல், சோலர், ஆக்டிவ்எம்க்யூ என்ற மூன்று சர்வர் மென்பொருள்களையும் நிறுவிப் பராமரிக்கத் தனி ஆள் வேண்டும்.

எதை எடுத்தாலும் இமேஜைச் சேர்க்கும்போது நேர மண்டலத்தைப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்க்குகளின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) பதியும். ஃபேட்32 பென்டிரைவ் உள்ளூர் நேரத்தில் பதியும். மாற்றி வைத்தால் அறிக்கையில் ஐந்தரை மணி நேரம் பிசகும்.