கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும் செயலி: எட்டாவதிலிருந்து பத்தாவது வரை

போன் கேமராவைக் கணக்கின் மேல் காட்டினால் ஒவ்வொரு படியாகத் தீர்த்துக் காட்டும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. குரோஷியாவில் உருவான போட்டோமேத் 2014-ல் வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. பிற்பாடு கூகுள் அதை வாங்கிக்கொண்டது. மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இப்படியொரு செயலியைப் போனில் ஏற்றினேன். இப்போது பத்தாவது படிக்கிறாள், செயலி இன்னும் போனில் இருக்கிறது.

விடை தெரிந்துகொள்ள இது தேவையே இல்லை. விடை புத்தகத்தின் பின்னாலேயே இருக்கிறது, கைடும் இருக்கிறது. எங்களுக்கு உதவியது வேறு விஷயத்தில். 2x² − 7x + 3 = 0 என்ற கணக்கை அவள் காரணிப்படுத்தும்போது −7x-ஐ −6x, −x என்று சரியாகத்தான் பிரித்தாள். அடுத்த வரியில் −x + 3 என்பதை −1(x + 3) என்று எழுதிவிட்டாள். அதற்குமேல் பொதுக் காரணி வரவில்லை, கணக்கு நின்றுவிட்டது. செயலியின் படிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது எந்த வரியில் குறி மாறியது என்று அவளே கண்டுபிடித்தாள். −1(x − 3) என்று திருத்தியதும் x = 3, x = ½ என்று முடிந்தது. டியூஷனில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் இந்த ஒரு வரியை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் பிடித்தது. 3x − 5 = 16 என்றால் "5 அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்றுதான் நாமெல்லாம் படித்தோம். செயலி இருபுறமும் 5-ஐக் கூட்டிக் காட்டுகிறது. குறி ஏன் மாறுகிறது என்ற கேள்வி அதன்பின் அவளிடமிருந்து வரவில்லை.

வாக்கியக் கணக்கில்தான் சிக்கல். தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு, 12 ஆண்டுகளுக்குப் பின் இரண்டு மடங்கு. இப்போதைய வயது என்ன? அவள் 3x + 12 = 2x + 12 என்று எழுதிச் செயலியிடம் காட்டினாள். அதுவும் அழகாகப் படிபோட்டு x = 0 என்றது. மகன் இன்றுதான் பிறந்திருக்கிறான், அப்பாவுக்கும் வயது 0! செயலியைக் குறை சொல்ல முடியாது, கொடுத்த சமன்பாட்டை அது சரியாகத்தான் தீர்த்தது. மகனுக்கும் 12 ஆண்டு கூடும், பிறகுதான் இரண்டால் பெருக்க வேண்டும், ஆகவே 2(x + 12) என்பதை மனிதர்தான் யோசிக்க வேண்டும். அப்படி எழுதினால் மகனுக்கு 12, தந்தைக்கு 36. வாக்கியத்தையே படித்துத் தீர்க்கும் செயலிகளும் உண்டுதான். ஆனால் சமன்பாட்டையும் அதுவே அமைத்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சமிருப்பது பார்த்து எழுதும் வேலை மட்டும். அதனால் சமன்பாடு நோட்டில் ஏறும்வரை போன் என்னிடம்தான் இருக்கும்.

பொதுத்தேர்வுக்கு வருவோம். கேள்வி காரணிப்படுத்தச் சொல்லும், செயலி சில நேரம் நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடும். விடை ஒன்றுதான், ஆனாலும் கேட்ட முறையில் எழுதாவிட்டால் ஸ்டெப் மார்க் போகும். வேறு முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் உள்ளே எங்காவது இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம், 8 மதிப்பெண்ணுக்கு வரும் வடிவியல் வரைதலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. காம்பஸை எடுத்து வரைந்து பழகினால்தான் கை வரும். வரைபடக் கணக்கில் கோடு எப்படி வளையும் என்று முன்கூட்டிப் பார்க்கலாம். அளவுத்திட்டம் குறித்துப் புள்ளி வைப்பது நம் வேலை.

கையெழுத்து மோசமாக இருந்தால் x-ஐப் பெருக்கல் குறியாகவும் 1-ஐ 7-ஆகவும் படித்துவிடும், ஆகவே படிகளுக்கு முன் அது என்ன கணக்கைப் படித்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். விரிவான விளக்கத்துக்குச் சந்தா கேட்பதும் உண்டு. நாங்கள் கட்டவில்லை. பத்தாம் வகுப்புக்கு இலவசமாக வரும் படிகளே போதுமாக இருக்கின்றன.